இருபத்தொரு நாள் லீவு

முதல் நாள், ஏப்ரல் 9. ரயிலில்

சென்னை சென்ட்ரலிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. ஸ்லீப்பர் பெட்டி, ஜன்னலோரம், கூடவே ஒரு தூக்குச் சட்டியில் புளிச்சாதம். எதற்காகப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாத்திரை இல்லை, சுற்றுலாவும் இல்லை. ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன்.

திருப்பூரில் எனக்குப் பதினெட்டு மெஷின் கொண்ட ஒரு சின்ன யூனிட். சொந்த ஆர்டர் கிடையாது. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் வொர்க். அதில் எட்டு வருடமாக ஓவர்லாக் மெஷினில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். ஒடிசாக்காரன், கஞ்சம் மாவட்டம். வந்தபோது பத்தொன்பது வயது. இன்றைக்கு வேகத்தில் அவனை மிஞ்ச எங்கள் வீதியிலேயே ஆளில்லை. 'ஏனுங்கண்ணா' என்று எங்கள் ஊர்த் தமிழ் பேசுவான். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு வருடமும் பங்குனி பிறந்ததும் என் மேஜை முன்னால் வந்து நிற்பான். இருபத்தைந்து நாள் லீவு வேண்டும். அவனுக்கு அக்கா தங்கை கல்யாணமா, இல்லை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லையா, அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கேட்டால் 'சாமி' என்பான். இருபத்தொரு நாள் சாமி கும்பிடுகிறானாம், போக வர நான்கு நாளாம். ஷிப்மென்ட் கழுத்தை நெரிக்கிற மாதம். எனக்கு வருகிற எரிச்சலை இங்கே எழுத முடியாது.

இந்த வருடம் 'போவதென்றால் போ, திரும்பி வராதே' என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. "ஒருமுறை வந்து பாருங்கள் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மார்ச் கடைசியில் கிளம்பிப் போய்விட்டான். அந்த வாரமே எனக்கு வரவேண்டிய இரண்டு ஆர்டர்கள் தள்ளிப்போயின. மெஷின்கள் பாதி சும்மா கிடந்தன. சரி, போய்த்தான் பார்த்துவிடுவோம், பொய்யென்றால் அங்கேயே கணக்கை முடித்துவிடுவோம் என்று டிக்கெட் எடுத்தேன். அவன் அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவதாகத் தகவல் வந்தது.

கிளம்பும்போது என் மனைவி சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது. "நீங்கள் போய் அவர்கள் வீட்டில் நான்கைந்து நாள் தங்கிச் சாப்பிடுவீர்கள். அந்தப் பையன் எட்டு வருடத்தில் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டியிருக்கிறானா?"

சென்ட்ரலில் முன்பதிவில்லாப் பெட்டிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இருபது லிட்டர் பெயின்ட் டப்பா ஒவ்வொருவர் கையிலும். உள்ளே துணிமணி, மூடியின் மேல் மிக்ஸி பெட்டி. இடம் கிடைக்காவிட்டால் அந்த டப்பாவே நாற்காலி. 2023 ஜூன் 2ஆம் தேதி இதே கோரமண்டல், சென்னைக்கு வரும் வழியில் பாலசோர் பக்கம் பாகநாகாவில் மோதியதே, அப்போது இந்தப் பெட்டியில் இருந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அடையாளம் தெரியாத உடல்கள் புவனேஸ்வரில் மாதக்கணக்கில் காத்திருந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் யோசித்தது என்னவென்று நேர்மையாகச் சொல்லவா? 'இனிமேல் ஆள் கிடைப்பது கஷ்டம்.'

இரண்டாம் நாள், ஏப்ரல் 10. கஞ்சம்

பிரம்மபூரில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஸ்டேஷன் பலகையில் ஒடியா எழுத்து, ஒவ்வொன்றும் தலைக்கு மேல் குடை பிடித்த மாதிரி. பனையோலையில் கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்று வளைத்து எழுதிப் பழகியவர்கள், நம்மைப் போலத்தான். அவனுடைய அண்ணன் பைக்கோடு காத்திருந்தார். சூரத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் சூரத்தில் இருப்பார் போலிருக்கிறது. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தமாகிவிட்டது. பேசினால் தெருவுக்கே கேட்கிறது. நல்லவேளை, அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டே ருஷிகுல்யா ஆற்றுப் பக்கம் இருக்கிற அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காலையில் பித்தளைக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார் அவன் அம்மா. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பழைய சோறு! ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தது, புளிப்பு ஏறியது. பெயர் பகாள. கடைசியில் வருவது நம் 'ள'தான். இந்தியில் இந்த எழுத்துக்கு இடமில்லை, ஒடியாவில் இருக்கிறது. இப்போதுதான் புரிகிறது, அவன் 'பள்ளம்', 'வெள்ளை' எல்லாம் எப்படி அவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான் என்று. 'ழ' மட்டும் வராது. அது எங்கள் ஊர்ப் பையன்களுக்கே வருவதில்லை. பூரி ஜகந்நாதருக்கும் பகாள படைப்பார்களாம். எங்கள் வீட்டிலோ விருந்தாளி முன்னால் பழைய சோற்றுப் பானையை மறைத்து வைப்போம்.

தொட்டுக்கொள்ளக் கீரை, பொரித்த சின்ன மீன், மசித்த உருளைக்கிழங்கு. அப்புறம் ஒரு மண்பானையிலிருந்து எதையோ எடுத்து வறுத்தார். வெள்ளையாக, சுண்டைக்காய் அளவில். உளுந்தை அரைத்துக் கிள்ளி வைத்து மார்கழி வெயிலில் காயவைத்த வடகம். 'படி' என்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று இன்றைக்கு எழுத மாட்டேன்.

அவன் வீட்டில் இல்லை. விரதம் எடுத்தவர்கள் வீட்டுக்கு வரமாட்டார்களாம். கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான். நாளைக்கு இந்த ஊருக்கு அந்தக் கூட்டம் வருகிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அவிநாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். மில்லின் பெயரையும் சொன்னாள், அதை விட்டுவிடுகிறேன். ஹாஸ்டலிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போக விடுவார்களாம், கூடவே ஒரு வார்டன். மூன்று வருடத்தில் அவள் பார்த்த தமிழ்நாடு அந்தக் கடைத்தெருதான். ஆனால் தமிழ் என்ன தமிழ்! என் பெரியம்மா பேசுகிற மாதிரி இருந்தது.

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரில் எல்லாரும் இந்திதானே பேசுவீர்கள்?" என்பது. வார்த்தைக்கு வார்த்தை இதுதான் கேட்டேன்.

"எனக்கு இந்தி தெரியாது அண்ணா. மில்லில் எல்லாரும் என்னை இந்திக்காரி என்பார்கள். சூப்பர்வைசர் இந்தியில் திட்டுவார். எதற்குத் திட்டுகிறார் என்று தெரியாமல் நிற்பேன். அதற்காக மறுபடியும் திட்டுவார். அப்புறம் தமிழ் கற்றுக்கொண்டேன்."

மத்தியானம் வெயிலில் வெளியே போக முடியாமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன். என்னைப் போல நிறையப் பேர் இருப்பீர்கள். 1870இல் 'ஒடியா தனிமொழியே அல்ல' என்று ஒரு வங்காளி ஆசிரியர் புத்தகமே போட்டார். பள்ளிகளில் ஒடியாவை எடுத்துவிட்டு வங்காளத்தை வைக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. இவர்கள் போராடித்தான் மொழியைக் காப்பாற்றினார்கள். மாநிலத்தின் மேற்கே சம்பல்பூர் அப்போது மத்திய மாகாணத்தில் இருந்தது. 1895இல் அங்கே ஒடியாவை நீக்கி, இந்திதான் ஆட்சிமொழி என்று ஆணை போட்டார்கள். ஊரே எழுந்து எதிர்த்தது. 1903இல் ஒடியா திரும்ப வந்தது. 1936 ஏப்ரல் 1ஆம் தேதி ஒடிசா தனி மாகாணம் ஆனது, மொழியை வைத்து. இந்தியாவில் அப்படிப் பிறந்த முதல் மாகாணம் அதுதான். அந்த நாள் வரைக்கும் இந்தக் கஞ்சம் மாவட்டம் எதில் இருந்தது தெரியுமா? சென்னை மாகாணத்தில். நான் இன்றைக்குப் பழைய சோறு சாப்பிட்ட வீட்டுத் திண்ணை அவன் தாத்தா காலத்தில் மதராஸ்.

1938, 1965 என்று தேதி மாறாமல் ஒப்பிப்பேன் நான். என் தாத்தா இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர் என்பது எங்கள் வீட்டுப் பெருமை. அந்த நான், எங்களுக்கு நாற்பது வருடம் முந்திக்கொண்டு இந்தியை எதிர்த்த மாநிலத்துப் பிள்ளையை எட்டு வருடமாக 'இந்திக்காரன்' என்று கூப்பிட்டிருக்கிறேன். அவன் ஒரு நாளும் திருத்தவில்லை. திருத்தியிருந்தாலும் என் காதில் விழுந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 11. தூசியில்

அவன் எடுத்திருக்கிற விரதத்தைத் தமிழில் தண்ட நாட்டம் என்று சொல்லலாமா? ஒடியாவில் தண்ட நாட்ட. சித்திரை சங்கராந்தியில் முடிகிற மாதிரி 13 நாளோ 21 நாளோ விரதம். சிவனும் காளியும் சேர்ந்த சாமி. விரதம் எடுத்தவர்கள் போக்தாக்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் உப்பு காரம் பெரிதாக இல்லாமல். நேர்ந்துகொண்ட வீட்டுக்காரர்கள் கூட்டத்தைத் தங்கள் ஊருக்கு அழைக்கிறார்கள். மத்தியானம் மண்ணில் தண்டம், சாயங்காலம் தண்ணீரில், ராத்திரி விடிய விடியக் கூத்து.

விடிவதற்குள் தெருவைப் பெருக்கிச் சாணம் தெளித்தார்கள். அரிசி மாவுக் கோலம். இழை இழையாக, நம் கோலத்தைவிடப் பூ வேலை அதிகம். பதினொரு மணிக்கு மேல் தூரத்தில் மேளம் கேட்டது. கூடவே நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல். பிறகு வந்தார்கள். அறுபது பேருக்குக் குறையாது. வெற்று மேல், இடுப்பில் துண்டு, சடை விழுந்த தலை. அந்த வெயிலில் செருப்பில்லாமல் நான் இரண்டு எட்டு வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவர்கள் அதே மண்ணில் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். எழுந்தார்கள், உருண்டார்கள், மறுபடி படுத்தார்கள். உழுவதுபோல ஒரு வரிசை உடம்பாலேயே நகர்ந்தது. அப்புறம் விதைப்பு. அப்புறம் அறுப்பு. கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, ஒரு வருட வெள்ளாமையை மண்ணின் மேல் படுத்துக் கிடந்து நடித்துக் காட்டுகிறார்கள்.

அவனை நான் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் காட்டினாள். இரண்டாவது வரிசை, ஓரத்தில். எலும்பு தெரிகிற மார்பு, தாடி. எட்டு வருடமாகத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் என் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. முதலாளி வந்தால் எழுந்து நிற்கிற அந்த அவசரமும் இல்லை. ஒரு மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அடுத்த முறைக்குப் படுத்தான்.

தெருவில் இருந்த பெண்கள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் காலில் ஊற்றிக் கும்பிட்டார்கள். அவன் அம்மாவும் ஊற்றினார். பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இது எனக்குப் புதிதே இல்லை. என் யூனிட்டில் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட டைலர்களை மறுநாளிலிருந்து நானே 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மலைக்குப் போகும்போது வழிச் செலவுக்குக் கையில் கொடுத்து அனுப்புவேன். மாரியம்மன் சாட்டு என்றால் கேள்வி கேட்காமல் மூன்று நாள் விடுமுறை. அதெல்லாம் சாமி. இவன் கேட்டது மட்டும் சாக்கு.

இப்படி எழுதுவதால் நான் அங்கேயே உருகிக் கரைந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கூட்டத்தில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் இருந்தான். அவனும் அதே மண்ணில் படுத்தான், உதடு வெடித்திருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. கேட்டால், பிறந்தபோது பிழைக்கமாட்டான் என்று தாய் நேர்ந்துகொண்டதாம். எங்கள் ஊரில் குழந்தையை வைத்துத் தீ மிதிப்பதைப் பார்த்தாலும் எனக்கு இதே கோபம்தான் வரும். பெண்களுக்கு இந்த விரதத்தில் இடமில்லை என்பதும் உறுத்தியது. அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "நாங்கள் படுத்தால் சோறு யார் ஆக்குவது?" என்று சிரித்தாள். அது பதிலா, புகாரா என்று தெரியவில்லை.

இன்னொன்று. வரிசையில் நிற்பவர்கள் என்ன சாதி என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். எல்லாச் சாதியும் கலந்துதான் படுக்கிறார்கள், இந்த நாள்களில் அந்தக் கணக்கு இல்லை என்று அவள் சொன்னாள். மற்ற நாள்களில்? "மற்ற நாள்களில் உங்கள் ஊர் மாதிரிதான்" என்றாள்.

ராத்திரி கூத்துக்குப் போனேன். பறவை பிடிக்கிறவனும் அவன் மனைவியும் சண்டை போடுகிற ஒரு கதை. சடெயா, சடெயாணி. மனைவி வேஷம் கட்டியவர் பகலில் மண்ணில் கிடந்தவர்தான். ஒரு வார்த்தை புரியாமல் ஒன்றரை மணி நேரம் சிரித்தேன்.

நான்காம் நாள், ஏப்ரல் 12

வெயில் தாக்கிவிட்டது. படுத்தே கிடந்தேன். சோறு வடித்து வைத்த புளித்த தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார் அவன் அம்மா. நம் நீராகாரம். இங்கே தோராணி.

சாயங்காலம் அவன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு என்னை விசாரித்தார். ஓவர்லாக்குக்கு பீஸ் ரேட் என்ன? ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் எவ்வளவு? பி.எஃப். பிடிக்கிறீர்களா? ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா? நான் தலைவலிக்கிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தலைவலி உண்மைதான்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 13. ஜௌகடா

அண்ணன் பைக்கில் கூட்டிப்போனார். ஜௌ என்றால் அரக்கு. அரக்குக் கோட்டை என்று பெயர், பாண்டவர் கதையெல்லாம் சொல்கிறார்கள். கோட்டை இப்போது மண்மேடுதான். உள்ளே கம்பி வேலிக்குள் ஒரு பாறை. அதில் அசோகர்.

பிராமி எழுத்து எனக்குப் படிக்க வராது. ஆனால் கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தவர்களுக்குக் கூட்டல் குறி 'க' என்று தெரியும். பாறையில் கூட்டல் குறிகளைத் தேடினேன். இருந்தன. எங்கள் பானை ஓட்டில் கீறியதும் இவர் பாறையில் வெட்டியதும் ஒரே குடும்பத்து எழுத்து. இதில் இரண்டாம் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளைப் பெயர் சொல்கிறது. அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு செய்தேன் என்கிறார் அசோகர்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பாறையில் இருந்தது அல்ல, இல்லாதது. கலிங்கப் போர் கி.மு. 261ஐ ஒட்டி நடந்தது. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், நினைத்து வருந்துகிறேன் என்று அவரே சொல்வது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. குஜராத்தில் கிர்னாரில் இருக்கிறது. ஆந்திராவில் எர்ரகுடியில் இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானில்கூட இருக்கிறது. கலிங்கத்தில் இல்லை. புவனேஸ்வர் பக்கத்துத் தௌளியிலும் இங்கேயும் 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு, பதிலுக்கு இரண்டு தனிக் கல்வெட்டுகளை வெட்டியிருக்கிறார்கள். 'எல்லா மனிதரும் என் பிள்ளைகள்' என்கிற வாசகம் அதில்தான் வருகிறது. விடுபட்ட பன்னிரண்டாவது என்ன சொல்கிறது என்றால், தன் சமயத்தின் மேல் உள்ள பற்றால் அடுத்தவர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான், ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதுவும் இங்கே இல்லை.

ஏன் விட்டார்கள் என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் பனியன் தைக்கிறவன், எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். செய்த தப்பை ஊரெல்லாம் சொல்லிவிடலாம். யாருக்குச் செய்தோமோ அவன் வீட்டு வாசலில் நின்று சொல்வதுதான் வாயில் வராது. 'நீங்களெல்லாம் என் பிள்ளைகள்' என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது சுலபம். நானும் அவனைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்றுதான் சொல்வேன்.

சரி, இப்போது அந்த வடகத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், தீபாவளி போனஸ் கொடுக்க மேஜை டிராயரில் வைத்திருந்த பணத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் காணாமல் போனது. அன்றைக்கு வேலையில் பதினோரு பேர். கேட்டை மூடச் சொல்லிப் பைகளைத் திறந்து பார்த்தேன். பதினோரு பையையும் அல்ல. ஒடிசாப் பையன்கள் மூன்று பேரின் பையை மட்டும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இவன் பையில் துணி முடிச்சு ஒன்று. ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. உள்ளே பணத்தைச் சுருட்டி வைத்திருப்பான் என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிசைந்தேன். நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தூள். "என்னடா இது?" என்றேன். "அம்மா கொடுத்தனுப்பியது" என்றான். ஊருக்குப் போய் வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார். முடிச்சைத் திரும்ப அவனிடமே எறிந்தேன்.

பணம் இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தது யாரென்றும் தெரியாது. அவன் மறுநாள் காலை எட்டரைக்கு மெஷினில் இருந்தான்.

ஆறாம் நாள், ஏப்ரல் 14

நமக்குச் சித்திரை ஒன்று. இவர்களுக்கும் இன்றைக்குத்தான் வருடப் பிறப்பு. பணா சங்கராந்தி. பணா என்றால் பானகம்தான், வேறொன்றுமில்லை. வில்வப் பழத்தின் சதையைக் கரைத்து, வெல்லம், வாழைப்பழம், தேங்காய்த் துருவல் போட்டது. துளசி மாடத்துக்கு மேல் அடியில் ஓட்டை போட்ட மண் கலயத்தைத் தண்ணீரோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். செடியின் தலையில் நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மனைவிக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். வேப்பம்பூ பச்சடி செய்தாளாம். "பொய்யைப் பிடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

விரதம் இன்றோடு முடிகிறது. கடைசிச் சடங்குக்குக் கூட்டம் நெரிந்தது. எனக்கு இன்னும் உடம்பு சரியாகாததால் தூரத்திலிருந்து தலைகளைத்தான் பார்த்தேன்.

ஏழாம் நாள், ஏப்ரல் 15. திரும்பும் ரயிலில்

ராத்திரி அவன் வீடு வந்திருக்கிறான், நான் தூங்கிப்போயிருந்தேன். காலையில் எழுந்தால் அடுப்படியில் உட்கார்ந்து வடகம் வறுத்துக்கொண்டிருந்தான். தாடி எடுத்திருந்தான். இருபத்தொரு நாள் கழித்து அம்மா கையால் சாப்பிடப் போகிறவன், எனக்காக அவனே சமைத்துக்கொண்டிருந்தான். வறுத்ததை அம்மியில் போட்டு நொறுக்கினான். பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு, கொஞ்சம் கடுகெண்ணெய். படி சூரா என்று பெயர். பகாளவுக்கு அதுதான் ஜோடியாம்.

"அன்றைக்கு உன் பையில்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

அவன் அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சூரா செய்துவிட்டோம் அண்ணா" என்றான். "அன்றைக்கு ராத்திரியே, ரூமில். பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்."

சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அம்மிச் சத்தம் மட்டும்.

"எங்கள் மூன்று பேர் பையை மட்டும் பார்த்தீர்கள் இல்லையா, அதுதான் அண்ணா. எல்லார் பையையும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை."

"தப்புதான்" என்றேன்.

"சரி அண்ணா" என்றான். தட்டை என் பக்கம் நகர்த்தினான். "நான் இருபதாம் தேதிதான் வருவேன். கொல்லைக் கூரை மாற்ற வேண்டும்."

"வா" என்றேன். வந்ததும் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று சொல்ல நினைத்தேன், அந்த நேரம் பார்த்து அண்ணன் பைக்கைக் கிளப்பிவிட்டார். போனில் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, மனைவியை விட்டுக் கூப்பிடச் சொல்கிறேன், அதுதான் முறை. அண்ணன் கேட்ட அந்த பி.எஃப். கணக்குக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆடிட்டரிடம் பேசுகிறேன் என்று பிளாட்பாரத்தில் வைத்துக் கையைக் காட்டிச் சொன்னேன். அவருக்கு 'ஆடிட்டர்' மட்டும் புரிந்தது. நம்பவில்லை.

கிளம்பும்போது அவன் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தார். வடகம்தான். துணியில் முடிந்தது இல்லை, பழைய பால் பவுடர் டப்பா ஒன்றில் போட்டு, மூடிக்கு மேல் நூல் சுற்றியிருந்தார். பையில் வைத்தால் நொறுங்கிப்போகும், அதனால் டப்பாவில் போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அந்தக் கதை அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. டப்பா மடியில் இருக்கிறது. விஜயநகரம் தாண்டிவிட்டது.